இருவாச்சியின் வலது இறக்கை

என் வீட்டுக்காரர் தென்காசியில் வீட்டோடு சேர்த்துப் பட்டறை வைத்து இரும்பு கேட், ஜன்னல் கிரில் அடித்துக்கொண்டிருந்தவர். இரும்பில் பெரிய பறவை ஒன்று செய்து நிறுத்திவிட வேண்டும் என்பது அவருக்கு வெகுகாலத்து ஆசை. கண்ணில் புரை விழுந்த பிறகுதான் குற்றாலத்து லாட்ஜ்காரர் ஒருவர், வாசலில் வைக்க ஓர் இருவாச்சிப் பறவை கேட்டார்.

"இது ஒண்ணு போதும்ட்டி. அப்புறம் கண்ணு போனாலும் போட்டும்" என்றார்.

முதலில் நோட்டில் வரைந்தார். பிறகு கம்பியை வளைத்து, தகரம் ஒட்டி, முழ உயரத்தில் ஒன்று செய்தார். அது மனசுக்குப் பிடித்ததும் பட்டறைத் தரையில் சாக்பீஸால் முழு அளவில் வரைந்தார். தரையில் கோடு விழுந்துவிட்டால் அவர் நோட்டைத் திரும்பப் பார்க்கமாட்டார். அந்தக் கோட்டில் அட்டை வைத்து அச்செடுத்துத்தான் தகட்டை வெட்டுவார். அவர் வரைந்ததை நான் கிட்டே நின்று பார்த்ததில்லை. கூச்சம்.

வலது இறக்கை பட்டறை வாசல்படிப் பக்கம் இருந்தது. விடியற்காலையில் எப்போதும்போல வாசல் தெளித்தேன். தண்ணீர் உள்ளே ஓடிப் பாதி இறக்கை அழிந்துவிட்டது. சாக்பீஸை எடுத்தேன். அவர் வருமுன்னே, இடது இறக்கையைப் பார்த்து, கோலத்தில் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இழுப்பேனே, அப்படி இழுத்து முடித்தேன். அவர் வந்து அச்செடுத்தார். புரை விழுந்த கண்ணுக்கு என் கோடு தெரியவில்லை. நான் கையைக் கழுவிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

பட்டறைக் கூரை தாழ்வு. அதனால் உடலையும் இறக்கைகளையும் தனித்தனியாகவே லாரியில் ஏற்றினார்கள். நானும் கூடப் போனேன். குற்றாலத்தில் சாரல். கிரேன் உடலை நிறுத்தியது. இடது இறக்கை போல்ட்டில் சரியாக உட்கார்ந்தது. வலது இறக்கை லாட்ஜ் சன்ஷேடில் இடித்தது. அது சுவர்ப் பக்கம் என்பதால் அவர் பாதி மடக்கி வரைந்திருந்தாராம். எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கிரேன்காரன், "அண்ணாச்சி, பறவைக்கு அளவெடுத்தீயளா, பஸ்ஸுக்கு அளவெடுத்தீயளா?" என்று சிரித்தான்.

"வேற செஞ்சு மாட்டுதேன்" என்றார் இவர்.

"சீசன் நேரத்துல வாசல அடைக்க முடியாதுவே. இடிக்கத வெட்டி விடும், இருக்கது போதும்" என்றார் லாட்ஜ்காரர்.

என் வீட்டுக்காரரே வெட்டினார். வெட்டிவிட்டு என்னிடம், "மடக்கித்தானட்டி போட்டேன்? கண்ணு ஏமாத்திட்டு" என்றார்.

பறவை அரை இறக்கையோடு நிற்கிறது. பிறகு கண் ஆபரேஷன் ஆனது. இப்போது பேப்பரில் பொடி எழுத்தைக்கூட வாசிக்கிறார். போன மாதம் இரண்டு பேர் வந்து மயில் கேட்டார்கள்.

"எனக்கு அளவு பிடிபடாதுய்யா" என்று அனுப்பிவிட்டார்.

அவர்கள் போனதும், சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் போய் நின்றேன்.

"என்னட்டி?" என்றார்.

"சாப்பிட வாங்க" என்றேன்.