ஒன்பது கிளிகள்

தெருவில் எல்லாரும் அவரை 'ரெக்கார்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு பெரிய அலுவலகத்தின் ஆவண அறையில் முப்பத்தெட்டு வருஷம் உதவியாளராக இருந்தவர். எந்த வருஷத்துக் கோப்பானாலும் நம்பரைச் சொன்னால் போதும். ஏணி போட்டு ஏறி, தூசி தட்டி, இரண்டே நிமிஷத்தில் மேஜைமேல் கொண்டுவந்து வைத்துவிடுவார். பெரிய பெரிய அதிகாரிகள் அவர் பின்னால் நடையாய் நடந்திருக்கிறார்கள். அப்பேர்ப்பட்ட மனுஷருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

நம்பர் தெரியும். எந்தக் கட்டுக்கு என்ன நிற நாடா, எதைக் கரையான் அரித்தது, எதில் மை கொட்டியது என்பதெல்லாம் மனப்பாடம். எழுத்து மட்டும் தெரியாது. யாராவது காகிதத்தை நீட்டினால், "கண்ணாடியை வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன்" என்பார். ஒரே பொய்யில் ஒரு உத்தியோகத்தையே ஓட்டி முடித்தார் என்றால் நம்ப முடிகிறதா? மனைவிக்கு மட்டும் தெரியும். அவள் யாரிடமும் மூச்சு விடாமலே போய்ச் சேர்ந்துவிட்டாள். மகனுக்கும் மருமகளுக்கும் இது தெரிந்தால் அன்றைக்கே நாண்டுகொண்டு சாகலாம் என்பது அவர் முடிவு.

ஆனால் மூன்று வருஷமாக ஒரு காரியம் செய்துவந்தார். பேத்தி சின்னவளாக இருந்தபோது வீட்டுக் கணினியில் 'கிளிப்பாடம்' என்று ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பச்சைக்கிளி ஒன்று எழுத்தைக் காட்டி உரக்கச் சொல்லும். நாமும் சொல்ல வேண்டும். பேத்தி வளர்ந்து அதை மறந்துவிட்டாள். தாத்தா பிடித்துக்கொண்டார். மதியம் மருமகள் சாப்பிட்டு அரை மணி நேரம் கண்ணயர்வாள். அந்த அரை மணியில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, உதடு மட்டும் அசைய, கிளியோடு சேர்ந்து படிப்பார். காலடிச் சத்தம் கேட்டால் திரையின் மேல் மூலையில் இருக்கும் சின்னக் கோடு ஒன்றை அழுத்துவார். கிளி மறைந்துவிடும். கோப்புக் கட்டை அலமாரியில் வைத்துவிட்டால் அது பேசாமல் கிடக்கும் அல்லவா, அந்த மாதிரிதான் கிளியும் என்று நினைத்தார்.

கிளி எங்கேயும் போகவில்லை. கடிகாரம் தெரிகிற மூலையில் போய் ஒளிந்துகொண்டு ஓடிக்கொண்டேதான் இருந்தது. கணினியை அணைத்தால் ஒழியும் என்பதால் இத்தனை நாள் யாருக்கும் தெரியவில்லை. பத்து நாளைக்கு முன்பு கணினி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. அதன்பிறகு அதற்கு ஒரு புதுப் பழக்கம்: அணைக்கும்போது எதெல்லாம் திறந்திருந்ததோ, அதையெல்லாம் மறுநாள் ஒன்றுவிடாமல் மறுபடி திறந்து வைத்தது. அவரோ தினம் ஒரு புதுக் கிளியைத் திறந்தார்.

மருமகள் வீட்டிலிருந்தே ஒரு நிறுவனத்துக்குத் தட்டச்சு செய்கிறவள். ஒரு எழுத்தைத் தட்டினால் அது திரைக்கு வர ஒரு யுகம் ஆயிற்று. அணைத்துப் போட்டாள், தேவையில்லாததை அழித்தாள், வைரஸ் இருக்கிறதா என்று தேடினாள். ஒன்றும் பலிக்கவில்லை. "அப்டேட் ஆனதுலேருந்து இது மாட்டு வண்டியா போகுது, மாமா!" என்று தலையில் அடித்துக்கொண்டு மெக்கானிக்கை வரச் சொன்னாள்.

மெக்கானிக் வந்து உட்கார்ந்தான். எதெது ஓடுகிறது என்ற பட்டியலைத் திறந்தான். "இதென்ன கூத்து, மேடம்? கிளிப்பாடம்னு ஒண்ணு, ஒன்பது தடவை ஓடுது!"

ரெக்கார்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்பதா!

"அது எம்பொண்ணு குழந்தையில பார்த்தது. இப்ப யாரு திறக்கறா?" என்றாள் மருமகள்.

"தினமும் யாரோ திறந்திருக்காங்க. நேத்து மதியம் ஒண்ணு இருபதுக்குக்கூட."

கணினி என்பது இப்படி நேரம் குறித்து வைத்துக்கொண்டு காட்டிக்கொடுக்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. நல்லவேளையாக மருமகளின் போன் அடித்தது. அலுவலகத்திலிருந்து. அவள் சமாதானம் சொல்லிக்கொண்டே அடுத்த அறைக்குப் போனாள்.

மெக்கானிக் ஏதோ ஒரு சுத்தம் செய்யும் நிரலை ஓடவிட்டுவிட்டு, ஒயரைச் செருக மேஜைக்கு அடியில் புகுந்தான். அங்கிருந்தே குரல் கொடுத்தான். "ஐயா, திரையில ஏதோ வந்திருக்கும். கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

முப்பத்தெட்டு வருஷமாக வாயில் தயாராக இருந்த பதில் இப்போது செல்லாது. கண்ணாடி மூக்கின்மேலேயே இருந்தது.

"ஐயா?"

அவர் திரைப்பக்கம் குனிந்தார். "கி... ளிப்... பா... டம்." விரலைத் திரையில் வைத்துக்கொண்டார். "வே... கத்... தைக்... கு... றைக்... கி... ற... து." அடுத்த வரிக்குப் போனார். "இ... தை... நீ... நீக்... க... வா?"

படித்து முடித்த பிறகுதான் படித்தது என்னவென்று உறைத்தது. தன்னைப் படிக்க வைத்ததைத் தூக்கி எறியலாமா என்று தன்னிடமே கேட்கிறது! அதையும் தானே படித்துவிட்டோம்! சந்தோஷப்படுவதா அழுவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

"அதேதான் வினை! 'ஆம்'னு இருக்கும், அழுத்துங்க" என்றான் கீழே இருந்தவன்.

வாசற்படியில் மருமகள் நின்றிருந்தாள். காதில் வைத்த போனில் யாரோ பேசிக்கொண்டே இருந்தார்கள், அவள் கேட்கவில்லை. பேயறைந்த மாதிரி இருந்தது அவள் முகம்.

"மாமா... நீங்க எழுத்துக் கூட்டியா படிக்கறீங்க?"

அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். இனி என்ன சொல்லி என்ன?

"எனக்குக் காய்ச்சல் வந்தப்ப மருந்துச் சீட்டைப் பார்த்துப் பார்த்து மாத்திரை கொடுத்தீங்களே!"

"வெள்ளை காலையில, மஞ்சள் ராத்திரி. கடைக்காரர்கிட்ட ரெண்டு தடவை கேட்டுக்கிட்டேன்மா."

"இந்த வீட்டுப் பத்திரம்? ரெண்டு மணி நேரம் புரட்டிப் பார்த்துட்டு, எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னீங்களே! உங்களை நம்பித்தானே நாங்க கையெழுத்துப் போட்டோம்!"

"பக்கம் எதுவும் குறையலைம்மா. கட்டும் பிரியல" என்றார், குரல் எழும்பாமல்.

மருமகள் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். போனை அணைக்கக்கூடத் தோன்றவில்லை. பத்து வருஷமாக ஒரே கூரையின் கீழ் இருந்த மனுஷர். தினமும் காலையில் செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்காருகிற மனுஷர். அவளுக்குக் கோபம் வந்தது, பயம் வந்தது, பிறகு ஏனோ அழுகை வந்தது. அவருக்கோ பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது.

"உன் வேலைக்கு இடைஞ்சல் பண்ணினது நான்தாம்மா. மறைஞ்சா மூடிடுச்சுன்னு நினைச்சேன். தெரியாமப் போச்சு."

அவர் மவுஸைப் பிடித்தார். ஒரு முறை அழுத்தினார். திரையிலிருந்த கேள்வி மறைந்தது.

மெக்கானிக் மேஜையில் தலையை இடித்துக்கொண்டு வெளியே வந்தான். அவனுக்கு நடந்தது எதுவும் முழுதாகப் புரியவில்லை. திரையைப் பார்த்தான். "என்னங்கய்யா, கிளிப்பாடம் அப்படியே இருக்கு? 'இல்லை'யை அழுத்திட்டீங்களே. கை தவறிப் பட்டுடுச்சா?"

"கை தவறல தம்பி" என்றார் அவர், மருமகளைப் பார்த்துக்கொண்டே. "படிச்சுப் பார்த்துத்தான் அழுத்தினேன்."