நீதவான் சின்யோராவும் இடியப்ப உரல் வழக்கும்

லிபெர்த்தாத் தெருவில் நான் வேலை செய்யும் வீட்டுச் சின்யோரா, அதாவது வீட்டுக்கார அம்மா, ஒரு சட்டத்தரணி. கோர்ட்டில் எப்படியோ தெரியாது, வீட்டில் அவவுக்கு ஒரு முடிவும் எடுக்க வராது. மீன் வாங்கப் போனால் வாள்மீனா கணவாயா என்று அரைமணித்தியாலம் நின்றுவிட்டு முட்டையோடு திரும்பி வருவா.

அப்பேர்ப்பட்ட மனுசி ஒருநாள் கடிதமும் கையுமாகக் குசினிக்குள் ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தா. அவவை "ஜூதிச்சே தி பாச்சே" ஆக நியமித்திருக்கிறார்களாம். அதாவது சமாதான நீதவான்.

மன்னாரில் எங்கள் தெருவிலும் ஒரு சமாதான நீதவான் இருந்தார். வெள்ளைச் சட்டை, பையில் ஒரு றப்பர் முத்திரை. பிறப்புச் சான்றிதழின் பிரதியை நீட்டினால் டக்கென்று குத்தித் தருவார். சம்பளம் கிடையாது. கல்யாண அழைப்பிதழில் பெயருக்குப் பின்னால் பட்டத்தைப் போட்டால் போதும், மனுசன் குளிர்ந்துவிடுவார்.

"முத்திரை தந்தவையோ?" என்று கேட்டேன்.

"முத்திரையோ? நான் வழக்கு விசாரிக்க வேணும். அயல் சண்டை, கார் முட்டினது, சின்னச் சின்னக் கடன்."

"சம்பளம்?"

"கௌரவப் பதவியெண்டபடியால் சம்பளம் எண்டு சொல்லக்கூடாதாம், படியாம். எவ்வளவு எண்டு எனக்கே வடிவா விளங்கேல்லை. சட்டத்தை ரெண்டுதரம் வாசிச்சிட்டன்." பிறகு முகம் வாடிவிட்டது. "நீர் என்ன நினைக்கிறீர், இந்தப் பதவியை ஏற்கட்டோ?"

"ஓம், ஏற்றுக்கொள்ளுங்கோ" என்றேன். அடுத்த மூன்று நாளும் அதையே கேட்டா, நானும் அதையே சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை கால்சாக் கோயிலில் தமிழ்ப் பூசை முடிய, கோயில் மண்டபத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். "என்ர சின்யோரா இப்ப நீதவான்" என்று பெருமையடித்துவிட்டேன். உடனே ஒருவருக்கொருவர் மச்சாளான இரண்டு பெண்கள் என்னைச் சுவரோடு சாத்திவிட்டார்கள். மூத்தவ தன் இடியப்ப உரலை இளையவவுக்கு இரவல் கொடுத்தாவாம். உரல் திரும்பி வந்ததாம், அதன் அடியில் போடும் ஓட்டை அச்சு வரவில்லையாம்.

"முழுசாத்தான் குடுத்தனான் மச்சாள்!" என்றா இளையவ.

"அப்ப அச்சுக்குக் கால் முளைச்சுதோ?" என்றா மூத்தவ.

இதைச் சின்யோராவிடம் சிரிப்புக்காகச் சொன்னேன். அவ சிரிக்கவில்லை. "சத்தியப்பிரமாணத்துக்கு இன்னும் ரெண்டு கிழமை இருக்கு. எனக்குப் பயிற்சி வேணும்" என்று சொல்லி, அடுத்த ஞாயிறு ஒரு பைலும் மூன்று பேனையுமாக மண்டபத்துக்கே வந்துவிட்டா. எந்தப் பேனையால் எழுதுவது என்று தீர்மானிக்கவே ஐந்து நிமிசம் போனது. நான்தான் மொழிபெயர்ப்பு.

முதலில் உரலைக் கையில் எடுத்து, அதன் ஓட்டைக்குள்ளால் இரண்டு மச்சாள்மாரையும் மாறி மாறிப் பார்த்தா. "இதாலை என்ன செய்யிறது?" என்று கேட்டா.

மூத்தவ இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவ போல ஒரு பெட்டியைத் திறந்தா. வெள்ளை வெளேரென்று இடியப்பம், பக்கத்தில் சொதி.

"இது என்ர படியோ?" என்று சின்யோரா என் காதுக்குள் கேட்டா. பிறகு நீதவான் ஒரு பக்கத்தாரிடம் மட்டும் வாங்கக்கூடாது என்று யோசித்து, இளையவவின் பையிலிருந்தும் ஒரு முறுக்கு எடுத்தா. சாப்பிட்டா. கண்ணை மூடினா. இன்னும் இரண்டு இடியப்பம் போனது.

"அருமை" என்றா. "எப்ப செய்தது?"

"இண்டைக்கு விடியத்தான், என்ர கையாலை" என்றா மூத்தவ பெருமையாக.

சின்யோரா ஒரு நூலை விரலால் தூக்கிப் பிடித்து, "அச்சு இல்லாமல் இவ்வளவு மெல்லிசா எப்பிடி வருது?" என்று கேட்டா. கெட்டித்தனத்தில் கேட்டதில்லை, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டா. நான் அதை மொழிபெயர்த்ததும் மண்டபமே மூத்தவவின் பக்கம் திரும்பியது.

மூத்தவ சேலைத் தலைப்பை இழுத்து இழுத்துச் சரிசெய்தா. "அது... மாப் பேணிக்குள்ள கிடந்தது. நேற்றுத்தான் கண்டனான்."

இளையவ எழும்பிக் கைதட்டினா. சுவாமியார் சிரிப்பை அடக்க முடியாமல் தேத்தண்ணிக் கோப்பையோடு வெளியே போனார். தீர்ப்பு எழுத வேண்டியதுதான் மிச்சம். சின்யோராவோ பேனையை மூடிவிட்டு, "ஆனால் மற்றப் பக்கத்தாலை யோசிச்சால்..." என்று தொடங்கினா. மற்றப் பக்கமே இல்லை என்று நான் சொல்லியும் கேட்கவில்லை. அரைமணித்தியாலம் போக, மச்சாள்மார் இரண்டு பேரும் அலுத்துப்போய், தாங்களே மன்னிப்புக் கேட்டு, உரலையும் தூக்கிக்கொண்டு ஒன்றாக பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

இப்போது சின்யோரா உண்மையான நீதவான். அங்கேயும் இதே முறைதானாம். "மற்றப் பக்கத்தாலை யோசிச்சால்" என்று தொடங்கினால், வழக்குக்காரர் ஒருவரையொருவர் பார்த்து, வெளியே போய்ச் சமாதானமாகி வருகிறார்களாம். தனக்குப் பிறவியிலேயே இந்தத் திறமை இருக்கிறது என்று நம்புகிறா.

மூத்த மச்சாள் மட்டும் என்னோடு இன்னும் கதைப்பதில்லை. கோயிலில் என்னைக் கண்டால் மெழுகுதிரி கொளுத்தப் போய்விடுவா. நான் மொழிபெயர்த்தது பிழையாம்.