இல்லாத கடைக்கு முதலாளி

ஏடிஎம்மில் சம்பளம் வராதபோது நான் முதலில் திட்டியது இயந்திரத்தைத்தான். ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் லாரிகளுக்கு எடை போடுகிறவன் நான். எங்கள் எடை மெஷின் தட்டினால் வேலை செய்யும். இதையும் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தேன். பேங்கில் விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது: ஜிஎஸ்டி பாக்கிக்காக என் கணக்கை முடக்கிவிட்டார்கள். அரியலூரில் எனக்கு ஒரு கம்பிக்கடை இருந்ததாம்.

கடை மச்சானுடையது, அதாவது என் மனைவியின் அண்ணனுடையது. அவர் பெயரிலிருந்த ஜிஎஸ்டி பதிவு ஏற்கெனவே ரத்தாகிவிட்டதால், “சும்மா பேருக்குத்தான் மாப்ள” என்று என் பான் கார்டைக் கேட்டார். ஜெராக்ஸ் எடுத்த காசைக்கூட நான்தான் கொடுத்தேன். வரி ஆபீஸ் அனுப்பிய நோட்டீஸெல்லாம் அவர் போனுக்குத்தான் போயிருக்கிறது. கடையை மூடிய கையோடு அவற்றையும் என்னிடம் சொல்லாமல் அமுக்கிவிட்டார்.

உள்ளூரில் தெரிந்தால் மானக்கேடு என்று பஸ் ஏறிப் போய்ப் பெரம்பலூரில் ஒரு வக்கீலைப் பிடித்தேன். மனைவியும் கூடவே வந்தாள். துணைக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

பேங்கில் வாங்கிய நோட்டீஸ் நகலையெல்லாம் வக்கீல் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“அப்பீலுக்கு நாள் தாண்டிப்போச்சுங்க. ரெண்டே வழிதான். பேரை வாங்கி ஏமாத்திட்டாருன்னு மச்சான் மேல போலீஸ்ல புகார் குடுக்கணும். இல்லன்னா, நாந்தான் மொதலாளின்னு ஒத்துக்கிட்டுத் தவணை கேக்கணும்.”

“மூணாவது வழி?”

“இருந்தா நான் ஏங்க இந்த லொடலொட ஃபேனுக்குக் கீழ ஒக்காந்திருக்கேன்?”

“புகாரே எழுதுங்க சார்” என்றேன் வீரமாக, மனைவி பக்கம் திரும்பாமல்.

“எழுதுங்க சார்” என்றாள் அவளும். “அடுத்த மாசம் பாப்பாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் ஜெயில்ல இருப்பாரு. புள்ளைய ஒங்க மடியில ஒக்கார வச்சுக் குத்திக்கிறோம்.”

வக்கீலின் பேனா நின்றது. “எனக்கு முட்டி வலிங்கம்மா.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“எங்கண்ணன் செஞ்சது அநியாயந்தாங்க. அதுக்காக அவரையும் விட்டுட்டா, எனக்குப் பொறந்த வூடுன்னு யாரு இருக்கா?”

முன்னால் வக்கீல், பக்கத்தில் மனைவி, பின்னால் சுவர். எழுந்து ஓடலாம் என்றாலும், ஓடி எந்தக் கணக்கில் சம்பளம் வாங்குவது?

“தவணைக்கே எழுதுங்க சார்.”

“அப்ப கடை சீல் வேணும். எதுத்தாப்ல ரப்பர் ஸ்டாம்ப் கடை இருக்கு, செஞ்சிக்கிட்டு வாங்க.”

என் கடையின் பெயரே எனக்குத் தெரியாது. ஸ்டாம்ப் கடையில் நோட்டீஸ் நகலைப் பார்த்துப் படித்துச் சொன்னேன். கீழே ‘உரிமையாளர்’ என்று போடச் சொன்னேன்.

“புதுக் கடைங்களா சார்?” என்றார் ஸ்டாம்ப் செய்பவர்.

“மூடுன கடைங்க.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். காசை முதலிலேயே கேட்டார். என் பையில் ஏது? மனைவிதான் பர்ஸைத் திறந்தாள்.