லைங் தாயாவில் தைத்த உள்பை

நான் வேலை பார்க்கும் கல்லூரியின் வாசலில் ஒரு பலகை இருக்கிறது. குறுக்கே சிவப்புக் கோடு போட்ட மூன்று படங்கள் அதில் உண்டு: துப்பாக்கி, டூரியன் பழம், வெற்றிலைச் சுருள். மூன்றும் உள்ளே வரக் கூடாது. யாங்கோனுக்கு வந்த புதிதில், இந்த மூன்றையும் ஒரே வரிசையில் வைத்தவர் எப்படிப்பட்டவராக இருப்பார் என்று யோசித்துக்கொண்டே உள்ளே போவேன். வாசலில் பைகளைச் சோதிக்கும் அம்மாள் துப்பாக்கியைத் தேடி நான் பார்த்ததில்லை. மூக்கைச் சுருக்கிக்கொண்டு, அறையையே நாறடிக்கும் டூரியனைத்தான் தேடுவார். ஒருநாள் என் சாப்பாட்டு டப்பாவில் பெருங்காயம் தூக்கலாகப் போட்ட புளியோதரை இருந்தது. "இது பழமில்லை, சோறு" என்று என் அரைகுறை பர்மியத்தில் சொன்னேன். அவர் நம்பவில்லை. ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்த பிறகே விட்டார். மறுநாளிலிருந்து அவருக்கும் ஒரு சின்ன டப்பா கட்ட வேண்டியதாயிற்று.

ஊரில் இருப்பவர்களுக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் கணவர் உளுந்து ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் இருக்கிறார். அலோன் படகுத்துறைப் பக்கம் அவர்களுக்குக் கிடங்கு. நீங்கள் காலையில் சாப்பிட்ட இட்லியில் இந்த மண்ணின் உளுந்தும் இருந்திருக்கலாம், விசாரித்துப் பாருங்கள். நான் தூத்துக்குடியில் ஆங்கில ஆசிரியையாக இருந்தவள். இங்கே, வெளிநாட்டுக்குப் படிக்கப் போக நினைக்கும் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் விவாதம் செய்யக் கற்றுக்கொடுக்கிறேன். பாடப் புத்தகம் அமெரிக்காவிலிருந்து வருகிறது. விவாதத் தலைப்புகளும் அதிலேயே இருக்கும். நாய் வளர்ப்பது நல்லதா, பூனை வளர்ப்பது நல்லதா என்று ஆரம்பித்துப் பக்கம் பக்கமாகச் சூடேறும். இந்தப் பருவத்தில் நாங்கள் வந்து நின்ற பக்கத்தில் இருந்த தலைப்பு இதுதான்: பல்கலைக்கழக வளாகத்தில் பெண்கள் தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா?

வாசித்து முடித்துவிட்டு நிமிர்ந்தேன். இந்த ஊரில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் யாரென்று எல்லோருக்கும் தெரியும். அவர்களில் யாரும் மாணவியில்லை. தலைப்பைக் கேட்டதும் நான்கு பிள்ளைகள் எழுந்துபோய் ஜன்னல்களைச் சாத்தினார்கள்.

மாலையில் முதல்வர் கூப்பிட்டனுப்பினார். எல்லோரும் சயாஜீ, அதாவது பெரிய ஆசிரியர், என்று அழைக்கும் (நான் வெறும் சயாமா, ஆசிரியை) அந்த மனிதர் யாரையும் கடிந்து பேச மாட்டார். தேநீர் கொடுத்தார். வெயிலைப் பற்றிப் பேசினார். என் கணவரின் உளுந்தை நலம் விசாரித்தார். கடைசியில், "தலைப்பு மிக நல்ல தலைப்பு. அந்த ஒரு சொல் மட்டும் வேண்டாமே" என்றார். "அந்தச் சொல் இல்லாமல் எப்படி விவாதிப்பது?" என்று கேட்டேன். என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினார். "அந்தப் பொருள் என்று சொல்லட்டும்" என்றார். ஆக, பெண்கள் தற்காப்புக்காக வளாகத்தில் அந்தப் பொருளை வைத்துக்கொள்ளலாமா என்று எங்கள் பிள்ளைகள் இரண்டு வாரம் ஒத்திகை பார்த்தார்கள்.

ஒத்திகை என்று கௌரவமாகச் சொல்கிறேன். எங்கள் ஊர்ப் பட்டிமன்றங்களை நினைத்துக்கொள்ளுங்கள். எதிரணிக்காரரின் வழுக்கைத் தலையிலிருந்து அவர் வீட்டுச் சாம்பார்வரை இழுத்துப் போட்டுக் கிழித்துவிட்டு, பிறகு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இங்கே ஆனாடே என்று ஒன்று இருக்கிறது. நாம் எதையாவது சொல்லி அடுத்தவர் மனம் சங்கடப்பட்டுவிடுமோ என்கிற கூச்சம் அது. வளர்ந்தால் போய்விடும் என்று நினைக்காதீர்கள், வயதுக்கேற்ப அதுவும் வளரும். ஆதரவு அணியின் தலைவி தீரி, வயது பதினெட்டு. எதிரணித் தலைவி அவளைவிட இரண்டு வயது மூத்தவள். மூத்தவள் எழுந்து, "நான் சொல்வது தவறாக இருந்தால் மன்னிக்க வேண்டும், அந்தப் பொருள் இருந்தால் விபத்து நடக்கலாம்" என்றாள். தீரி எழுந்தாள். "அக்கா சொல்வது சரி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். விவாதம் முடிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

தீரியைத் தனியே அழைத்துப் பேசினேன். "நீ தோற்றுப்போனால் பரவாயில்லை. பேசாமல் தோற்காதே" என்றேன். அவளுக்கு இந்த விவாதம் விளையாட்டில்லை என்று எனக்குத் தெரியும். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் அவளுக்கு உதவித்தொகையுடன் இடம் கொடுத்திருந்தது. அந்த வாரக் கடைசிக்குள், வருகிறேன் அல்லது வரவில்லை என்று பதில் எழுத வேண்டும். பதில் அவள் அம்மாவின் கையில் இருந்தது. அம்மா டோ சந்திரா (டோ என்றால் இங்கே திருமதி மாதிரி), இங்கேயே பிறந்த தமிழ்ப் பெண்மணி. பர்மியக் கணவர் காலமாகிப் பல வருடங்களாகின்றன. லைங் தாயாவில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். அவரிடம் இன்னொரு கடிதமும் இருந்தது. மிங்கலாடோனில் வாகன உதிரிபாகக் கடை வைத்திருக்கும் முப்பத்தாறு வயது மாப்பிள்ளையின் ஜாதகம் அது.

அந்த ஜாதகம் வந்த கதையையும் சொல்ல வேண்டும். கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தில் பெண்களின் வயதும் எழுதியிருக்கிறது. இன்னும் பெண்களைக் கூப்பிடவில்லை. கூப்பிடவே மாட்டோம் என்று எழுதிக் கொடுக்கவும் ஆளில்லை, கூப்பிட்டால் மறுக்கவும் வழியில்லை. மணமான பெண்ணுக்கு விலக்கு உண்டு. அதனால் இந்த ஊரில் கல்யாணத் தரகர்களுக்குச் சுக்கிர திசை நடக்கிறது. பதினெட்டு வயதுப் பெண்ணை முப்பத்தாறு வயதுக்காரருக்குக் கொடுப்பதைப் பாதுகாப்பு ஏற்பாடு என்று தாய்மார்கள் நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். டோ சந்திராவும் சொன்னார். அமெரிக்காவைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அங்கே படிக்கிற இடத்தில் சுடுகிறார்கள். இப்படி ஒரு தாய் இருக்கும்போதுதான், போயும் போயும் இந்தத் தலைப்பை நான் அவர் மகளுக்குக் கொடுத்திருந்தேன். பெற்றோரை வேறு விவாதத்துக்கு அழைத்திருந்தது கல்லூரி.

தற்காப்பு என்றதும் எனக்கு நினைவு வருவது ஊக்கு. தூத்துக்குடியில் டவுன் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போன பெண்கள் எல்லோருடைய தாவணியிலும் தேவைக்கு மேல் ஒரு ஊக்கு இருக்கும். எதற்கென்று யாரும் சொல்லித் தரவில்லை, எல்லோருக்கும் தெரியும். நானும் மூன்று வருடம் வைத்திருந்தேன். உபயோகிக்க வேண்டிய நாட்களிலெல்லாம் ஊக்கைத் தொடாமல் முன்பக்கம் நகர்ந்துகொண்டேன். ஒரே ஒருநாள் தைரியம் வந்தது. பின்னால் இடித்த ஆளை, திரும்பிப் பாராமல் ஓங்கிக் குத்தினேன். "ஐயோ" என்று அலறியவர் எங்கள் கல்லூரி நூலகர். இடித்தது அவர் கையிலிருந்த பலாப்பழம். பஸ்ஸே அவருக்குப் பரிந்து பேசியது. கண்டக்டர் என்னைப் பார்த்து, "படிச்ச புள்ள செய்ற வேலையாம்மா இது?" என்றார். மிச்சமிருந்த ஒன்றரை வருடமும் நான் நூலகத்தில் புத்தகம் எடுக்கவில்லை. அன்று கையில் இருந்தது ஊக்கு என்பதால் அவர் இன்று ஓய்வூதியம் வாங்குகிறார். பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொன்னபோது இரண்டு அணியினரும் குறித்துக்கொண்டார்கள். பொருள் கையில் இருந்தும் வேண்டிய நாளில் கை வராது என்று எதிரணி. அடுத்த முறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குத்தவேண்டும், அதற்குத்தான் பயிற்சி என்று ஆதரவு அணி.

விவாத நாளன்று டோ சந்திரா தொழிற்சாலைப் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்திருந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. தீரி அன்று நன்றாகப் பேசினாள். இரவு நூலகத்திலிருந்து தனியே விடுதிக்கு நடக்கும் பெண்ணைப் பற்றிச் சொன்னாள். காவலர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்றாள். பலசாலிக்கும் பலமில்லாதவளுக்கும் நடுவே அந்தப் பொருள் ஒன்றுதான் சமன் செய்யும் என்றாள். எதிரணியின் மூத்தவள், "என் தங்கை மிக நன்றாகச் சொன்னாள்" என்று தொடங்கி, வளாகத்தில் ஒருத்தி வைத்திருந்தால் எல்லோரும் வைத்துக்கொள்வார்கள், எல்லோரும் வைத்திருக்கும் இடத்தில் யார் யாரிடமிருந்து தப்புவது என்று கேட்டாள். மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் கேட்டாள், என்றாலும் கேட்டுவிட்டாள். நான் பூரித்துப்போனேன்.

பதில் சொல்ல எழுந்த தீரி, அமெரிக்கப் பெண்கள் அதை எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்று காட்ட, திரையில் ஒரு படம் போட்டாள். நீலநிறக் கோட்டு ஒன்று. இடது மார்புப் பக்கம் உள்ளே ஒரு பை. பொருளை வைக்கவென்றே தைத்தது, ஒரே இழுப்பில் கைக்கு வரும் என்று விளக்கினாள்.

டோ சந்திரா எழுந்து நின்றார். இந்த ஊரில் கூட்டத்தின் நடுவே யாரும் அப்படி எழுந்திருக்க மாட்டார்கள். நேராகத் திரையருகே போய், அந்தப் பையின் மேல் மூலையில் விரலை வைத்தார். "இது எங்க லைன்ல தைச்சது" என்று தமிழில் சொன்னார். பிறகு எல்லோருக்குமாகப் பர்மியத்தில் சொன்னார். அதனால் என்ன என்று யாருக்கும் புரியவில்லை. அவர் மகளைப் பார்த்து, "இதுலயா அத வைக்கிறாங்க?" என்று கேட்டார். தீரி தலையசைத்தாள். எதிரணித் தலைவி அவருக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். சயாஜீ இரண்டு அணியும் வென்றதாக அறிவித்து, தேநீருக்கு அழைத்துவிட்டார்.

நடைவழியில் டோ சந்திரா என்னிடம் சொன்ன விவரம் இது. மழைக்காலம் முழுக்க அந்தக் கோட்டுத்தான் தையலில் ஓடியது. பை எதற்கென்று லைனில் ஒருவருக்கும் தெரியாது. பர்ஸ் என்றாள் ஒருத்தி, மடக்குக் குடை என்றாள் இன்னொருத்தி. டோ சந்திராவுக்கு அந்தப் பையைப் பிடிக்கவே இல்லை.

"ஜிப்பு இல்லீங்க சயாமா. பட்டன் இல்லீங்க. ஒரு இழுப்புல தெறந்துக்கிடுது. இந்தப் பையோட நம்ம பஸ்ஸுல ஏறினா ஒரு ஸ்டாப்புல பர்சு போயிடும். பாவம், வெளிநாட்டுப் பொண்ணுங்க பறிகொடுத்துட்டு நிக்குமேன்னு நானே மேல எழுதிப் போட்டேன், ஜிப்பு வைக்கச் சொல்லி. இருபது கோட்டுக்கு வச்சும் பாத்தேன். பிரிச்சுத் தைன்னு திட்டு வாங்கினேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்காததால் அடக்கிக்கொண்டேன். வாசலுக்கு வெளியே தொழிற்சாலைப் பஸ் ஒன்று பெண்களை ஏற்றிக்கொண்டு போனது. அது போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"எம் பிள்ள போற எடத்துலயும் வச்சிருப்பாங்களா?"

ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. "அந்த மாநிலத்துல அனுமதி இருக்குக்கா. பக்கத்துல உக்காந்து படிக்கிறவ பையில இருக்கலாம். பயமில்லைன்னு நான் சொல்ல மாட்டேன்."

"தீரிக்கும் குடுப்பாங்களா?"

"கேட்டாத்தான். அவளே காசு குடுத்து வாங்கணும்."

"வேணாம்னு சொன்னா?"

"வேணாம்னா வேணாம்தான். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"விட்டுருவாங்களா?"

"விட்டுருவாங்க."

அவர் கழுத்திலிருந்த அளவு நாடாவை எடுத்து விரலில் சுற்றினார். "அப்ப போகட்டும்" என்றார்.

அவ்வளவுதான். ஆறு வருடமாக விவாதம் சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டு அணியும் இரண்டு வாரம் புரட்டிய தலைப்பில், வேண்டாம் என்று சொல்ல முடியுமா என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பாடப் புத்தகத்திலும் அந்தக் கேள்வி இல்லை. அந்தப் புத்தகத்தை எழுதியவர்களுக்கு அது ஒரு கேள்வியாகவே பட்டிருக்காது. அன்று வீட்டுக்குப் போய்ச் சிறிது நேரம் அழுதேன்.

தீரி கிளம்பிய நாளில் நானும் மிங்கலாடோன் விமான நிலையத்துக்குப் போயிருந்தேன். மதிய வெயில். டோ சந்திரா பட்டுப்புடவை கட்டியிருந்தார், கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுப்பது. நான் வழக்கம்போல் தமெயின், இந்த ஊர்ப் பெண்கள் கட்டும் கைலி. வெயிலுக்கும் மழைக்கும் இதைவிடத் தோதான உடுப்பு இல்லை என்று வந்த வருடமே மாறிவிட்டேன். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பிள்ளை திரும்பித் திரும்பிக் கையசைத்தாள். உள்ளே கடைசிச் சோதனையும் முடிந்தது என்று செய்தி வந்த பிறகுதான் அவர் மூச்சுவிட்டார். அழவில்லை. "சாப்பிடலாமா சயாமா?" என்று கேட்டார்.

திரும்பும் வழியில் சோதனைச் சாவடியில் டாக்ஸியை நிறுத்தினார்கள். சீருடைக்காரர் ஒருவர் ஜன்னலில் குனிந்தார். என் பாஸ்போர்ட்டையும் டோ சந்திராவின் அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டு மேசைப் பக்கம் போனார். தாத்தா காலத்தில் துறைமுக வேலைக்கு வந்த குடும்பம் டோ சந்திராவுடையது. பிறந்ததும் இங்கே, பெற்றதும் இங்கே. இருந்தும் அவருடைய அட்டை, முழுக் குடியுரிமை இல்லாதவர்களுக்கான வேறு நிறம். சீருடைக்காரர் திரும்பி வந்து புடவையைப் பார்த்தார்.

"எந்த நாடு?"

"இங்கேதான். அலோன்" என்றார் டோ சந்திரா, அழகான பர்மியத்தில்.

என்னிடம் சீருடைக்காரர் எதுவும் கேட்கவில்லை, தமெயினைப் பார்த்ததோடு சரி. இந்த ஊர் மரியாதைப்படி வலது முழங்கையை இடது கையால் தாங்கிக்கொண்டு, இரண்டையும் ஜன்னல் வழியாகத் திருப்பித் தந்தார். இந்தியப் பாஸ்போர்ட்டை டோ சந்திராவிடமும், அவருடைய அட்டையை என்னிடமும்.

டாக்ஸி நகர்ந்தது. டோ சந்திரா பாஸ்போர்ட்டைத் திறக்கவில்லை. மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். எங்கள் தலைக்கு மேலே ஒரு விமானம் ஏறிப் போனது, அவளுடையதாகவும் இருக்கலாம். அவருடைய அட்டை என் கையில் வியர்வையில் நனைந்தது. நகரத்துக்குள் வரும்வரை நான் அதைக் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.