வெள்ளிக்கிழமை எண்ணெய்

என் போன் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்த காலம் அது. தி. நகரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை, மயிலாப்பூரில் பெண்கள் விடுதியில் அறை. அடையாற்றங்கரையில் இருந்த எங்கள் வீட்டை இடித்துவிட்டு, குடும்பத்தை நகரத்துக்கு வெளியே ஓர் அடுக்குமாடிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து தினமும் வந்துபோக முடியாமல்தான் விடுதிக்கு வந்தேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவள் நான் மட்டும்தான். கரண்ட் பில் கட்ட, ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, ஆஸ்பத்திரிச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்ல, எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் சேர்த்து நான்தான். எனக்கு அதில் பெருமை. இல்லை என்றால் பொய்.

கணக்கு முடிக்கும் மாதங்கள் வந்தபோது கண்ணை மூடினாலும் எண்கள் ஓடின. சீப்பில் முடி கொத்தாக வந்தது. ஒரு நாள் பாண்டி பஜார் நடைபாதையில் நின்று, அலுவலகம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் விழித்தேன். அன்று மாலை அம்மாவிடம், வாரத்தில் ஒரு காலையாவது போன் செய்யாதீர்கள், களைப்பாக இருக்கிறது என்றேன்.

"ஏசில குந்திக்கினு கீற. இன்னா களைப்பு?"

அம்மா வீடு வீடாகப் பாத்திரம் தேய்க்கிறவள். அவள் கேள்வியில் கிண்டல் இல்லை. நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் விளக்கத் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நல்லெண்ணெய் வாங்கிவந்து தலையில் வைத்துக்கொண்டேன். போன் அடித்தது. எண்ணெய் விரலால் எத்தனை இழுத்தும் திரை நகரவில்லை. மறுபடி அடித்தபோது புறங்கையால் தள்ளி எடுத்தேன்.

"இன்னா பாப்பா, எட்க்கவே மாட்டேன்ற?"

"தலைக்கு எண்ணெய் வெச்சிகிறேம்மா."

"நாயித்துக்கெயமையா?" அம்மா அலறினாள். "பொம்பளைங்க வெள்ளிக்கெயம இல்ல வெக்கணும்! இம்மாம் படிச்சிகீற, நாளு கெயம தெரியாதா?"

பின்னாலிருந்து அண்ணியின் குரல் வந்தது. "ஆபீசரம்மாவுக்கு லீவு உட்டாத்தான் வெள்ளிக்கெயம வரும் போல, அத்த!"

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அம்மா சொன்னாள்: "இனிமே வெள்ளிக்கெயம காலைல வெய்யி. அந்த நேரத்துல ஒத்தரும் போன் பண்ண மாட்டோம்."

களைப்புக்குக் கிடைக்காதது எண்ணெய்க்குக் கிடைத்தது. அலுவலகத்தில் எண்ணெய் ஒரு காரணமாகச் செல்லாது என்பதால், வெள்ளிக்கிழமைகளில் தாமதமாக வர அனுமதி கேட்டபோது கோயில் என்று சொன்னேன். மயிலாப்பூரில் இருப்பவளிடம் அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

அறைத்தோழி விடியும்போதே வேலைக்குப் போய்விடுவாள். எண்ணெய் ஊறும்வரை நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பேன். பிறகு சீயக்காய், ஒரு வாளி வெந்நீர். சில வாரங்களில் எண்கள் அடங்கின, முடி கொட்டுவதும் குறைந்தது. அம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். ஜன்னலோரம் வைத்த போன் வெள்ளிக்கிழமை காலைகளில் அடிக்கவே இல்லை. போகப்போக மற்ற நாட்களிலும் அவ்வளவாக அடிக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை, எண்ணெய் தேய்க்கும்போது நடு முதுகுக்குக் கை எட்டவில்லை. எந்த வாரமும் எட்டியதில்லை, அன்றுதான் அது உறைத்தது. கையைத் துடைத்துக்கொண்டு நானே வீட்டுக்குப் போன் செய்தேன். அண்ணி எடுத்தாள்.

"இன்னா, எண்ணெ வெக்கலியா இன்னிக்கு?"

"வெச்சிட்டேன் அண்ணி. கரண்ட் பில் வந்துச்சா? கட்டிடவா?"

"அத நான் அப்பவே கட்டிட்டேன். நீ இங்க வந்து செல்லுல கட்ட சொல்லோ பக்கத்துல குந்தி பாத்துக்கினுதான இருந்தேன்? இப்ப மாடியில எல்லாருக்கும் நான்தான் கட்டித் தரேன்." அவள் குரலில் இருந்தது என்னவென்று எனக்குத் தெரியும். என்னிடம் இருந்ததுதான் அது. "நீ போய்க் குளி. சளி புடிச்சிக்கப் போவுது."

வைத்துவிட்டாள். அம்மா எங்கே என்று கேட்க வாய் எடுப்பதற்குள் வைத்துவிட்டாள்.

திரையில் என் விரல் தடம் எண்ணெயாகப் படிந்திருந்தது. துண்டால் துடைத்து, போனை மறுபடி ஜன்னலோரம் வைத்தேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வெந்நீர் ஆறிவிடுமே என்று எழுந்தேன். நடு முதுகில் மட்டும் அன்றும் எண்ணெய் படவில்லை.