வாசிப்பம்மாவின் முக்காலி

அச்சகத்தில் எல்லோரும் அவளை வாசிப்பம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கையெழுத்துப் பிரதியை உரக்கப் படிப்பது அவள் வேலை. அதைக் கேட்டுக்கொண்டே அச்சான தாளில் பிழை பார்ப்பது புரூஃப் சாரின் வேலை. படிக்கிறவருக்கு முக்காலி, பார்க்கிறவருக்குக் கை வைத்த நாற்காலி. மரியாதையும் அந்தக் கணக்குத்தான்.

வெறுமனே படித்தால் போதாது. அரமும் அறமும் காதுக்கு ஒன்றுதானே? "சின்ன ர", "பெரிய ற", "மூணு சுழி" என்று ஒவ்வொன்றுக்கும் கூவ வேண்டும். இருபத்திரண்டு வருடம் கூவியதில், கறி வாங்கிவரச் சொல்லும்போதுகூட வாயில் "பெரிய ற" வந்துவிடும். "கடைக்காரன் என்ன எழுத்துக் கூட்டியா விக்கிறான்?" என்பான் புருஷன். அவளுக்குச் சிரிக்கவும் தெம்பிருக்காது. அச்சகத்திலோ, ஓர் எழுத்து சரியாகக் கேட்காவிட்டால் புரூஃப் சார் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "மறுபடி படிங்க" என்பார். அவள் மறுபடி படிப்பாள்.

பட்ட காலிலே படும் என்பது பொய்யா? ஒலி ஒத்த சொற்களுக்கென்றே ஓர் அகராதி வந்து சேர்ந்தது, எண்ணூறு பக்கம். நூறாவது பக்கத்தில் தொண்டை கட்டிக்கொண்டது. ஒரு மாதம் வாயே திறக்கக் கூடாது என்றார் டாக்டர்.

மேனேஜர் கையை விரித்தார். "பேச முடியாதவங்கள வெச்சு நான் என்னம்மா பண்றது? வேற ஆள்தான் போடணும்."

தொண்டையைத் தவிர அவளுக்கு வேறு கைத்தொழில் கிடையாது.

"நான் படிக்கிறேன், அவங்க பாக்கட்டும்," என்றார் புரூஃப் சார்.

"முக்காலியிலயா சார்?"

"ஏன், உக்காந்தா கடிச்சிடுமா?"

குடிக்கத் தண்ணீர்கூடத் தானே எழுந்து எடுக்காத மனுஷன் முக்காலிக்கு மாறினார். ழ அவர் நாக்கில் வராது. "சிறப்பு ழ" என்று கூவ வேண்டிய இடத்தில் "சிறப்பு" என்று மட்டும் சொல்லி நழுவிவிடுவார். பிழை கண்டால் அவள் பென்சிலால் மேசையைத் தட்டுவாள். அகராதி பாதிக்கு மேல் நகர்ந்தது.

மாதம் முடிந்தது. அவள் முந்தி வந்து முக்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

"எழுந்திரிங்கம்மா, அது என் எடம்."

"குரல் வந்துடுச்சு சார்."

"வந்தா வீட்டுல பேசுங்க."

நாற்காலியில் சாய்ந்தபோதுதான் இருபத்திரண்டு வருட அலுப்பும் முதுகில் தெரிந்தது. அவர் படிக்கத் தொடங்கினார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு வரி முழுக்கக் கண்ணுக்குத் தெரியவில்லை.

"மறுபடி படிங்க சார்," என்றாள்.

அவர் மறுபடி படித்தார்.