இரண்டு பக்கமும் கரண்ட்

இருபத்தேழு வருஷ லைன்மேன் வேலையில் நாகேந்திரனுக்குச் சந்தேகமே இல்லாத விஷயம் ஒன்று உண்டு. டிரான்ஸ்ஃபார்மரில் பியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டால் அந்தத் தெருக் கம்பியில் கரண்ட் இருக்காது. மணவூரிலிருந்து கம்பம் நடும் கூலியாளாக வந்து, வேலை நிரந்தரமாகி, திருத்தணியில் பாதித் தெருக்களில் அந்த நம்பிக்கையில்தான் ஏறி இறங்கியிருந்தார்.

ஆடிக் கிருத்திகைக்கு நான்கு நாள் இருந்தது. காவடி போகும் வழியில் வேப்பங்கிளை ஒன்று கம்பிமேல் சாய்ந்து கிடந்தது. காலை பத்து மணிக்கு மூன்று பியூஸையும் பிடுங்கிவிட்டு ஏணி ஏறினார். பழக்கதோஷத்தில் டெஸ்ட் லாம்பைக் கம்பியில் வைத்தார். பல்பு எரிந்தது.

சட்டென்று இறங்கிப் பையைத் திறந்தார். மூன்று பியூஸும் உள்ளேதான் இருந்தன.

"இன்னாண்ணா, இறங்கிட்ட?" என்றான் ஏணியைப் பிடித்திருந்த சக லைன்மேன் இளங்கோவன்.

"வேற டிரான்ஸ்ஃபார்மர்ல பிடுங்கிட்டனா?"

"நானும்தான கூட நின்னுகினு இருந்தேன்? லாம்புதான் கோளாறு. ஏறு, நேரமாவுது."

நாகேந்திரன் ஏறவில்லை. கம்பியை அண்ணாந்து பார்த்தபடியே டிரான்ஸ்ஃபார்மர் வரை நடந்தார். சரியான இடம்தான். பக்கத்துத் தெருவின் வேறு லைனில் லாம்பை வைத்தார், எரிந்தது; எடுத்தார், அணைந்தது. லாம்பிலும் குறையில்லை. காலையில் போட்ட பிரஷர் மாத்திரை தலைக்கு ஏறிவிட்டதோ?

திரும்பி வந்தபோது ஒரு வீட்டுக்குள் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"உங்க வீட்ல கரண்ட் போவலியாம்மா?"

"எங்க தெருவுல போவாதுண்ணா" என்றாள் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்த அனுசுயா. "பதினாறு வீட்டு மாடியிலும் சோலார் போட்டு, எல்லாத்துக்கும் சேத்து ஒரே பாட்டரி வெச்சிருக்குது. பாட்டரி ரூம் சாவி எங்கிட்டதான்."

அவள் கதவைத் திறந்தாள். தெரு லைனும் பாட்டரியும் சேருமிடத்தில் ஒரு பெரிய சுவிட்ச். அதன் இரண்டு முனைகளையும் இணைத்து யாரோ ஒரு வயரை இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

"அது அடிக்கடி கட் ஆவுதுன்னு போன வாரம் ஒருத்தர் வந்து கட்டினாரு. அதுலர்ந்து நிக்கவே இல்லண்ணா."

இதையெல்லாம் அமைத்த எஞ்சினியர் கவிப்பிரியாவுக்கு போன் போட்டார்கள். வயர் கட்டியிருப்பதைச் சொன்னதும் அந்தப் பெண் போனிலேயே அலறினாள்: "ஏறாதீங்கண்ணா! லைன் நின்னா அந்த சுவிட்ச் இந்தப் பதினாறு வீட்டையும் உங்க கம்பியிலர்ந்து தனியா பிரிச்சுடணும். இப்ப பாட்டரி கரண்ட் உங்க கம்பிக்கே வருது."

ஒரு மணி நேரத்தில் வந்து வயரைப் பிடுங்கினாள். காகிதத்தில் படம் போட்டு விளக்கினாள். நாகேந்திரன் தலையை ஆட்டினார், புரியவில்லை.

"அப்போ கரண்ட் எங்கிருந்துதான் வருது?"

"ரெண்டு பக்கத்துலர்ந்தும் வரும்ண்ணா. வெயில் நேரத்துல இவங்க மிச்சத்தை நம்ம லைனுக்குக் கொடுப்பாங்க."

மூன்று தடவை டெஸ்ட் பண்ணி, கம்பிகளைச் சங்கிலியால் பூமியோடு இணைத்துவிட்டுத்தான் கிளையை வெட்டினார். மேலே கம்பி செத்துக் கிடந்தது. கீழே அனுசுயாவின் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. எது சரி, எது தப்பு என்று அவருக்குப் பிடிபடவில்லை.

வீட்டில் மனைவி ஷோபனா சோறு போட்டபடி கேட்டாள்: "நம்ம மாடியிலயும் சோலார் போடலாமா?"

"தெரில" என்றார்.

மறுநாள் ஆபீசில், எந்தெந்த வீட்டில் சோலார் இருக்கிறது என்ற பட்டியலைக் கேட்டார். முழுசாக யாரிடமும் இல்லை. மஞ்சள் பெயிண்ட் டப்பாவோடு அவரே கிளம்பினார். சோலார் வீட்டு வயர் வந்து சேரும் கம்பத்தில், ஏறுகிறவர்களுக்கு எச்சரிக்கையாக ஒரு கோடு. கிருத்திகைக்குள் பதினொரு கம்பம் முடிந்தது. கிருத்திகையன்று, அடுத்த வீட்டு மாடியில் சோலார் பலகைகள் பளபளத்தன, ஆனால் அங்கிருந்து வயர் எந்தக் கம்பத்துக்குப் போகிறதென்று தெரியவில்லை. பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி நாகேந்திரன் அண்ணாந்து நின்றார். காவடிக்காரர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.